செத்தவருக்குப் பட்டமா?

முத்தியால்பேட்டைத் தோழர் ஒருவர் நம்மை மடக்குவதாக நினைத்து ஒரு கேள்வி கேட்டார். "செத்தவனுக்குப் போடும் பிண்டம் போய்ச் சேருமா என்று பரிகாசம் செய்கிறீர்களே, செத்துப்போன மாணாக்கனுக்குச் சர்வகலாசாலை கொடுக்கும் பட்டம் மாத்திரம் போய்ச் சேருமோ?" என்பது அவர் கேள்வி.

சேராது என்றுதான் நாமும் சொல்லுகின்றோம். ஆனால் பிண்டம் என்பது, இல்லாதவனுக்கு அனுப்புவதாகச் சொல்லி இருக்கிறவன் கையிலுள்ளதைப் பிடுங்குவது. பட்டமோ, இன்னார் இன்ன பாடம் படித்துத் தேறினார் என்னும் சாட்சி. சாட்சி சொல்லுவது இருக்கிறவர்களுக்கே. தறியை விற்றுப் படிக்கவைத்த தகப்பனுக்கும், அண்ணனைப் பார்த்துப் படிக்க ஆசைப்படும் தங்கைக்கும் அது வேண்டும். ஆள் செத்துவிட்டதால் படித்தது பொய்யாகிவிடுமா?

கல்கத்தாவில் நடந்ததைப் பாருங்கள். பீனா தாஸ், பிரீதிலதா வதேதார் என்னும் இரண்டு பெண்கள் அந்தச் சர்வகலாசாலையில் பி.ஏ. தேறியவர்கள். 1932 பிப்ரவரி 6-ந் தேதி பட்டமளிப்பு விழாவிலேயே கவர்னர் ஸ்டான்லி ஜாக்சனைப் பீனா தாஸ் சுட்டார், குறி தவறிற்று, ஜெயிலுக்குப் போனார். அவ்வருஷம் செப்டம்பரில் பிரீதிலதா, சிட்டகாங்கில் வெள்ளைக்காரர் கிளப்பைத் தாக்கி, விஷந்தின்று மாண்டார். இருவர் பட்டத்தையும் வெள்ளைக்கார சர்க்கார் நிறுத்தி வைத்தது. சுட்டது சரியா தப்பா என்பது வேறு விஷயம். பரீட்சையில் தேறியது மெய்தானே! அந்தப் பட்டங்களைச் சர்வகலாசாலை கொடுத்தது எப்போது? 2012-ல்!

பிரீதிலதாதான் 1932-லேயே போய்விட்டார். பீனா தாஸ் 1986 வரை உயிரோடிருந்தாரே! வெள்ளைக்காரன் போன 1947-க்குப் பிறகு 39 வருஷகாலம் ஒரு காகிதம் எழுதிக் கொடுக்க யார் தடுத்தார்கள்? இருக்கும்போது கஞ்சி ஊற்றாதவன் செத்தபின் திவசத்துக்கு வடை பாயசம் செய்கிற கதையன்றி இது வேறென்ன?

ஆதலால் நாம் சொல்லுவதாவது: முழுப்படிப்பும் தேறியவருக்குப் பட்டம் உரிமையே யொழிய தர்மமல்ல. பாதியில் மாண்டவருக்குப் படித்த மட்டும் உள்ளபடி எழுதிக் கொடுக்கட்டும். இரக்கத்துக்காகப் பொய்ச்சாட்சி வேண்டாம். பணக்காரன் மகனுக்கொன்று, நெசவாளி மகனுக்கொன்று என்றில்லாமல் முன்கூட்டி எழுதிவைத்த விதியாக இருக்கட்டும். பிள்ளையைப் புதைத்த தாயை மனுவுங் கையுமாய் வாசல்தோறும் அலையவிடாமல், அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, உயிரோடிருப்பவருக்குச் சேரவேண்டியதை உயிரோடிருக்கும்போதே கொடுத்துத் தொலையுங்கள் என்கின்றோம்.