சுவருக்கு மட்டும்தான் ஸார்!

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையில், வேளச்சேரியில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஹாலுக்குள் மிதந்து வந்தது. தரைத்தள ஃப்ளாட். "கவலைப்படாதே, இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று மனைவியிடம் ஜம்பமாகச் சொன்னேன், கட்டில் மேல் நின்றபடி. வீட்டுக் கடன் வாங்கும்போது பாங்க்கில் இருபது கையெழுத்து போட்டேனே, அதில் ஒன்று.

தண்ணீர் வடிந்ததும் சர்வேயர் வந்தார். சுவரைத் தட்டினார்.

"பில்டிங் கெட்டியா இருக்கு ஸார்."

"ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ?"

"பாலிஸி சுவருக்கு மட்டும்தான் ஸார்."

பாங்க்குக்கு அடமானம் சுவர்தானே. என் கிரைண்டரைப் பற்றி அதற்கென்ன கவலை! மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊறிப்போன கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து பாலிஸியைப் பொடி எழுத்து வரை படிக்கிறேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று ஒரு பாலிஸி. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். பிரீமியத்தை ஒப்பிட்டால் போதும். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் (அதிகபட்சம் 10 லட்சம்) சாமான்களுக்கும் உண்டு. வாடகை வீட்டுப் பிரம்மச்சாரிகள் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். சாதாரணத் திருட்டு இதில் வராது. அதற்குத் தனி பாலிஸி.

இன்னொன்று. ஆபீஸ் நண்பர் ஒருவர், "ஃப்ளாட் விலை 80 லட்சம், அவ்வளவுக்கும் எடுக்கப்போறேன்" என்றார். நிலத்தை வெள்ளம் தூக்கிக்கொண்டா போகும்? திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. 800 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 20 லட்சம். சாமானுக்கு 4 லட்சம் தானாக வரும்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். தண்ணீர் மறுபடி வாசற்படி ஏறியது.

"ஏங்க, இந்தத் தடவை ஃப்ரிட்ஜ் பாலிஸியில இருக்கா?"

"இருக்கு, கிரைண்டரும் இருக்கு!"

"ஆல்பம்?"

விழித்தேன். அவள் சிரித்தாள். மழை ஆரம்பித்தபோதே அதைப் பரண் மேல் ஏற்றிவிட்டாளாம்.