நோய் வந்தபின் கைவிடப்படும் வைத்தியம்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கிளினிக் கொப்பியைப் புரட்டினால் ஒரேயொரு நோயின் பெயர் மட்டும் எழுதப்பட்ட கொப்பி அரிது. சீனி வருத்தம் உள்ளவருக்குப் பிரஷரும் இருக்கும். அவற்றோடு கொலஸ்ட்ரோல், முழங்கால் வலி, பழுதடையத் தொடங்கிய சிறுநீரகம், சில வேளை ஒருமுறை வந்துபோன மாரடைப்பு. 2018–19இல் நாடளாவிய ரீதியில் நடந்த இலங்கை சுகாதார மற்றும் முதுமை ஆய்வு, வயதுவந்தோரில் 100 பேருக்கு 23 பேர் நீரிழிவோடு வாழ்வதாகவும் மேலும் 30 பேர் அதன் விளிம்பில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. இவர்களுக்காக அரசு வைத்திருக்கும் ஏற்பாட்டில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. 2011 முதல் நாடெங்கும் திறக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள், இன்னும் நோய் கண்டறியப்படாதவர்களைப் பரிசோதிப்பதற்காக அமைந்தவை. எடை, உணவு, உடற்பயிற்சி, புகைத்தல் பற்றியெல்லாம் அங்கே பேசுவார்கள். நோய் இருப்பது தெரிந்ததும் அந்த ஆள் கிளினிக்குக்கு அனுப்பப்படுகிறார். கிளினிக்கில் நெருக்கடி, அங்கே கிடைப்பது குளிசை. ஆக, வாழ்க்கைமுறை பற்றிய ஆலோசனை நோயில்லாதவருக்கு, மருந்து நோயாளருக்கு என்று வைத்தியம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பல நோய்களோடு வாழ்பவருக்கே அந்த ஆலோசனை மற்றெவரையும் விட அதிகமாகத் தேவை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

"எல்லாம் வந்துவிட்டது, இனி நடந்தென்ன, சிகரெட்டை விட்டென்ன" என்பது எங்கள் ஊர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இதற்கு எண்களில் பதில் உண்டு. பிரித்தானியாவின் 'யூகே பயோபாங்க்' தரவுகளைக் கொண்டு சுமார் 4 இலட்சத்து 80 ஆயிரம் பேரை ஆராய்ந்து, 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. புகைக்காமை, உடலுழைப்பு, காய்கறியும் பழமும் சேர்ந்த உணவு, மட்டான மதுப் பாவனை ஆகிய நான்கையும் அது கணக்கில் எடுத்தது. இரண்டோ அதற்கு மேலோ நாட்பட்ட நோய்கள் உள்ள 45 வயதுக்காரர்களில், நல்ல பழக்கங்கள் உள்ளவர்கள் மிக மோசமான பழக்கங்கள் உள்ளவர்களை விட நீண்டகாலம் வாழ்வது தெரிந்தது: ஆண்கள் 6.3 ஆண்டுகள் வரை, பெண்கள் 7.6 ஆண்டுகள் வரை. நான்கிலும் அதிக ஆண்டுகளைத் தந்தது புகைக்காமை. இந்த ஆய்வை அப்படியே நம்பலாமா என்று கேட்பது நியாயம். அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வெள்ளையர்கள். அது மருந்துப் பரிசோதனை போல் ஆட்களைக் குலுக்கிப் பிரித்து நடத்தப்பட்டதும் அல்ல. நடக்க முடிந்தவர் நலமாக இருந்ததால் நடந்தாரா, நடந்ததால் நலமாக இருந்தாரா என்பதை அத்தகைய ஆய்வால் முழுதாகப் பிரித்தறிய முடியாது. ஆறு ஆண்டு என்பதைப் படுவான்கரை விவசாயிக்கு வாக்குறுதியாகச் சொல்ல நான் முன்வர மாட்டேன். ஆனால் புகையிலை செய்யும் கெடுதியை அப்படிச் சந்தேகிக்க இடமில்லை; ஏற்கெனவே சுருங்கிய இரத்தக் குழாய்க்கு அது மேலும் கேடு. இங்கே புகையிலை வெற்றிலையோடும் வாய்க்குள் போகிறது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதை மறந்துவிட்டு "நான் புகைப்பதில்லை" என்று ஆறுதலடைய முடியாது.

பழக்கத்தை மாற்றச் சொல்வது சுவரொட்டியில் எழுதி ஒட்டிவிட்டுப் போகிற வேலை என்று நினைப்பவர்கள், பல நோய்களின் உண்மையான சிக்கலை அறியாதவர்கள். ஒரு நோய்க்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதியாகலாம். நீரிழிவுக்காரரிடம் கீரை நிறையச் சாப்பிடு என்கிறோம். சிறுநீரகம் கணிசமாகப் பழுதாகி இரத்தத்தில் பொட்டாசியம் ஏறத் தொடங்கியவருக்குப் பொன்னாங்காணியும் வாழைப்பழமும் இளநீரும் அளவோடுதான். உப்பைக் குறைக்க விரும்பி, பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை அவர் வாங்கினால் ஆபத்து இன்னும் கூடும். நடக்கச் சொல்கிறோம், முழங்கால் விடாது. வலிக்குப் பாமசியில் டைக்ளோபெனக் வாங்கிப் போடுகிறார். அது பிரஷரை ஏற்றுகிறது, சிறுநீரகத்தை மேலும் கெடுக்கிறது. அந்தக் குளிசை எந்தக் கொப்பியிலும் எழுதப்படுவதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது, பழக்கம் மாறினால் மருந்தின் அளவும் மாற வேண்டும். இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ பாவிப்பவர் ஒருநாள் உறுதியெடுத்து இரவுச் சோற்றைப் பாதியாக்கினால், மருந்து பழைய அளவிலேயே இருக்க, விடியற்காலையில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு மாதத்தில் இதே அபாயம் உண்டு. ரமழானுக்குச் சில வாரங்கள் முன்பே மருந்தின் அளவையும் நேரத்தையும் வைத்தியரோடு பேசித் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒருவரின் சோற்றையும் நடையையும் வலியையும் அறியாமல் அவருக்கு மருந்தெழுதுவதும், மருந்தை அறியாமல் உணவு ஆலோசனை சொல்வதும் பிழை. இரண்டும் ஒரே கொப்பியில், ஒரே ஆளின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

இது நடக்கக்கூடியதா? இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில் உயர் குருதியமுக்கம் உள்ள 2,645 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட 'கோப்ரா' பரிசோதனை இதற்குப் பதில் தந்தது; 2020இல் அதன் முடிவு வெளியானது. இங்கே குலுக்கிப் பிரித்தே ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பிரஷர் அளந்தார்கள், உணவு பற்றியும் பழக்கங்கள் பற்றியும் பேசினார்கள், அளவு மிஞ்சியவர்களைப் பயிற்சி பெற்ற வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் மேல் அமுக்கம், வழமையான சிகிச்சை பெற்ற கிராமங்களை விட 5 புள்ளியளவு கூடுதலாகக் குறைந்தது. ஓர் ஆளுக்கு இது சிறிது. ஊர் முழுவதும் குறைந்தால் பக்கவாதத்திலிருந்து தப்புகிறவர்கள் பலர்.

ஏழ்மையை வைத்து எழும் எதிர்ப்பு இதைவிடக் கனமானது. 1978 சூறாவளி, பல ஆண்டுப் போர், 2004 சுனாமி, 2022 பொருளாதார நெருக்கடி என அடிமேல் அடி வாங்கிய மாவட்டத்தில் கூலிக்குப் போகும் ஒரு தாயிடம் "நல்ல பழக்கம்" பற்றிப் பேசுவது, நோய்க்கான பழியை நோயாளர் தலையிலேயே போடுவது ஆகாதா? ஆகும், ஆலோசனையோடு நாம் நின்றுவிட்டால். காய்கறி விலையும், குடும்பத்தைக் கெடுக்கும் கசிப்பும், பெண்கள் கூச்சமின்றி நடக்க இடமின்மையும் அவளால் தீர்க்கக்கூடியவை அல்ல. ஆனாலும் பழக்கமாற்றம் என்றாலே செலவு என்பது சரியல்ல. நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஏறக்குறைய 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதாகச் சொல்லும் 25 கிராமை அது தேநீரிலேயே தாண்டிவிடுகிறது. சீனியையும் கருவாட்டையும் சிகரெட்டையும் குறைத்தால் காசு மிஞ்சும். வாவி மீனும் வேலியோரத்து முருங்கைக் கீரையும் இங்கே புதிதாகக் கற்க வேண்டிய உணவுகள் இல்லை. வறியவரிடம் இதையெல்லாம் பேசக்கூடாது என்று இரக்கத்தால் ஒதுங்குவது, வசதியுள்ளவர் காசு கொடுத்துப் பெறும் ஆலோசனையை அவருக்கு மறுப்பதாகவே முடியும்.

ஆளணி போதாது என்று சுகாதாரத்துறையினர் சொல்வார்கள். அது பொய்யல்ல. ஆனால் 2019இல் 3 இலட்சத்துக்கு மேலிருந்த நாட்டின் ஆண்டுப் பிறப்புகள் 2024இல் சுமார் 2 இலட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. தாய்சேய் நலத்துக்காக ஒவ்வொரு வீட்டையும் அறிந்துவைத்திருக்கும் நமது அமைப்பு, வேலையை மறுபடி பங்கிட இதுவே தருணம். பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்ற பதவியும் ஏற்கெனவே இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள்; பாலம் வந்த பிறகும் கண்ணுக்கு ஒருநாள், சிறுநீரகத்துக்கு ஒருநாள், காலுக்கு ஒருநாள் என்று நகரத்துக்கு வருவது ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியைத் தின்கிறது. ஆகவே மட்டக்களப்புப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை படுவான்கரையிலேயே, மகிழடித்தீவு வைத்தியசாலையில் இதைத் தொடங்கலாம். ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தை ஏற்கெனவே நோயுள்ளவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். கிளினிக் நாளிலேயே அது நடக்க வேண்டும். வயலுக்கும் மீன்பிடிக்கும் போகும் ஆண்கள் காலை நேரத்தில் வரமாட்டார்கள் என்பதால் வாரத்தில் ஒரு மாலையிலும் நடக்க வேண்டும். கிளினிக் கொப்பியில் பிரஷர், சீனி அளவுகளுக்குப் பக்கத்தில் புகை, வெற்றிலை, மது, நடை, தானாக வாங்கிப் போடும் வலிக்குளிசை ஆகியவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு வருகையிலும் அதை நிரப்ப வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கொப்பிகளை எடுத்து, எத்தனை பேரின் பிரஷர் கட்டுக்குள் வந்தது, எத்தனை பேர் புகையிலையை விட்டார்கள், எத்தனை பேருக்குக் குளிசை குறைந்தது என்று எண்ணி, முடிவைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும்.