மெட்ராஸுக்கு வந்த மார்மன்களும் நம்மூர் சின்னவீடும்

மார்மன் என்றதும் நம்மாட்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "ஓ, அந்த நாலஞ்சு பொண்டாட்டிக்காரங்களா?" அதோடு மேட்டர் முடிந்தது. அந்த மார்மன்கள் நம்ம மெட்ராஸுக்கே ஊழியம் செய்ய வந்திருக்கிறார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1853 ஜூலையில் ரிச்சர்ட் பாலன்டைன், கூடவே ராபர்ட் ஸ்கெல்டன். பாவம், நேரம் சரியில்லை. இவர்களை இந்தியாவுக்குப் போகச் சொன்ன அதே 1852 ஆகஸ்ட் மாநாட்டில்தான், "ஆமாம், எங்களிடம் பலதார மணம் உண்டு" என்று அவர்கள் சபை முதல்முறையாகப் பகிரங்கமாக ஒத்துக்கொண்டது. மெட்ராஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் பைபிளை விட்டுவிட்டு இதைப் பற்றியே கேட்டால் மனுஷன் என்ன செய்வார்? பலதார மணத்துக்கு விளக்கம் சொல்லி இங்கேயே ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்தார். 1854-ல் ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

இதில் தமாஷ் என்னவென்றால், அன்றைய மெட்ராஸில் ஒரு இந்து ஆண் எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் பண்ணிக்கொள்ளலாம், சட்டம் ஒன்றும் கேட்காது!

இந்த லம்பா லைனில் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேலே ஃப்ளைட் இறங்கும் சத்தத்துக்கு நடுவே நான் மார்மன் சரித்திரம் படிப்பதற்குக் காரணம் 2020-ல் வந்த கடலடி கேபிள். அதற்கு முன்னால் இங்கே ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும் :-) படிக்கப் படிக்க எனக்கு உறுத்தியது மனைவிகளின் எண்ணிக்கை இல்லை. மறைத்த விதம்.

சபையை 1830-ல் ஆரம்பித்தவர் ஜோசப் ஸ்மித். பலதார மணத்துக்கு இறைவெளிப்பாடு வந்ததாக 1843-ல் எழுதி வைக்கிறார். வெளியில் கேட்டால் இல்லவே இல்லை என்கிறார். 1844 ஜூனில் நாவூ நகரத்தில் அதிருப்தியாளர்கள் சிலர் பத்திரிகை போட்டு விஷயத்தை உடைக்க, மேயரான ஸ்மித்தும் நகரசபையும் சேர்ந்து அந்த அச்சகத்தையே நொறுக்க உத்தரவு போட்டார்கள். அந்த விவகாரத்தில் சிறைக்குப் போனவரைத்தான் ஜூன் 27-ம் தேதி ஒரு கும்பல் உள்ளே புகுந்து சுட்டுக் கொன்றது. அவருக்கு 30-லிருந்து 40 மனைவிகள் வரை இருந்திருக்கலாம், ஒருத்திக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை என்று சபையே கட்டுரை போட்டு ஒத்துக்கொண்டது 2014-ல். நூற்றெழுபது வருஷம்! அதுவரை அந்தப் பெண்கள் யாராம்?

அரசாங்கம் மட்டும் யோக்கியமா? யூட்டா பெண்களுக்கு 1870-லேயே ஓட்டுரிமை இருந்தது. பலதார மணத்திலிருந்து அவர்களைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று வந்த 1887 சட்டம் அந்த ஓட்டையே பிடுங்கிக்கொண்டது. 1890-ல் சபை இறங்கி வந்து, 1896-ல் யூட்டா மாநிலமான பிறகுதான் ஓட்டு திரும்பக் கிடைத்தது.

இந்தக் கதை நம்ம கோர்ட்டுக்கும் வந்தது. பம்பாயில் 1946-லும் மெட்ராஸில் 1949-லும் இந்துக்களுக்கு இருதார மணத் தடை வந்தது. பிள்ளை வேண்டும், அதற்காக இன்னொரு கல்யாணம் எங்கள் மத உரிமை என்று வாதம். 1951-ல் பம்பாய் நீதிபதி சாக்ளா, பிள்ளை வேண்டுமானால் தத்து எடுக்கலாமே என்றார். அமெரிக்க மார்மன் வழக்கையும் எடுத்துக் காட்டினார். பிறகு 1955-ல் நாடு முழுக்க இந்து திருமணச் சட்டம்.

சரி, ஒழிந்ததா? 1965-ல் உச்சநீதிமன்றம், இரண்டாவது கல்யாணம் முறைப்படி சடங்கோடு நடந்தது என்று நிரூபித்தால்தான் குற்றம் என்றது. சப்தபதியில் ஓரடி குறைந்தால் ஐயா தப்பித்தார்! கோயிலில் மாலை மாத்தி, மஞ்சக்கயிறு கட்டி, தனியாக வீடு பார்த்துக் கொடுத்துவிட்டால் போயிற்று. சின்னவீடு என்று செல்லப் பேர் வேறு வைத்து சினிமாவில் சிரித்தோம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. அவர் புருஷன் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து இறந்தவர். பென்ஷன் பேப்பரைக் கொண்டுவந்து, "தம்பி, இதுல என் பேரு எங்க இருக்குன்னு பாரு" என்றார். எங்கேயும் இல்லை. மனைவி என்ற இடத்தில் மெயின்லேண்டில் இருக்கும் வேறொருவர் பேர். பன்னிரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர் காதில் அந்தப் பேரை முதன்முதலாகப் போட்டவன் நான். அக்கா அழவில்லை. "அந்தம்மாவுக்கு என்னைப் பத்தித் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

சட்டப்படி அவர் மகளுக்குப் பங்கு உண்டு. குழந்தைகளுக்குக் குடும்ப பென்ஷன் உண்டு, இரண்டாவது மனைவிக்கு இல்லை என்று 2000-ல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. ஏமாற்றிக் கட்டிக்கொண்டவன் உயிரோடு இருந்தால் ஜீவனாம்சம் கேட்கலாம், அது 2013 தீர்ப்பு. செத்துவிட்டால் அதுவும் கிடையாது.

"அப்ப ரெண்டு பொண்டாட்டியைச் சட்டமாக்கச் சொல்றியா?" என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். இல்லை சாமி. முதல் மனைவியின் பென்ஷனில் ஒரு பைசா குறைக்கக் கூடாது. ஆனால் மனைவி உயிரோடிருக்க மறுகல்யாணம் கூடாது என்று அரசு ஊழியருக்கு 1964-லிருந்து நடத்தை விதி இருக்கிறதே, அதைச் செத்த பிறகா எடுத்துப் பார்ப்பது? எல்லாக் கல்யாணத்தையும் பதியச் சொல்லி 2006-லேயே உச்சநீதிமன்றம் சொல்லியாயிற்று. தாலி கட்டிக்கொள்ளப் போகிற பெண், இவனுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கா என்று எந்த மாநிலப் பதிவேட்டையும் ஒரே இடத்தில் பார்க்க வழி செய்யுங்கள். ஆதாருக்கும் ரேஷனுக்கும் நாடு முழுக்க ஒரே கம்ப்யூட்டர் போட முடிகிறவர்களுக்கு இது பெரிய வித்தையா என்ன?

அக்காவின் மகளுக்கான மனு அடுத்த வாரம் போகிறது. தாயார் பேர் என்ற இடத்தில் அக்கா பேரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.