எண்ணெய் போயிடுச்சா? பறவையின் கல்லீரலைக் கேட்கணும்!

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. உடம்பெல்லாம் கறுப்பு அப்பிய கூழைக்கடா படங்களை நாமும் ஷேர் பண்ணினோம். எண்ணெயை அள்ளினார்கள், செய்தியும் ஓய்ந்தது. பறவைகளுக்கு என்ன ஆச்சு?

வெறும் கண்ணால் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அலாஸ்காவில் 1989 மார்ச் 24-ல் ‘எக்ஸான் வால்டெஸ்’ கப்பல் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. காலப்போக்கில் கரை சுத்தமானது போலத்தான் தெரிந்தது. ஆனால், கற்களுக்கு அடியில் எண்ணெய் தங்கிவிட்டது. ஹார்லிக்வின் வாத்துகள் நத்தை, சிப்பி தேடித் தின்பது அந்தக் கரையோரத்தில்தான்.

சரி, கல்லீரல் எங்கே வருது? எண்ணெயில் இருக்கும் சில நச்சுகள் உடம்புக்குள் போனால், அவற்றை உடைக்க கல்லீரல் ‘சிஒய்பி1ஏ’ என்ற நொதியை அதிகமாகச் சுரக்கும். நச்சு நின்றால் நொதியும் குறைந்துவிடும். அதாவது, நொதி கூடியிருந்தால் அந்தப் பறவை சமீபத்தில்தான் நச்சைத் தின்றிருக்கு. ஆய்வாளர்கள் வாத்துகளைப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, கல்லீரலில் துளியூண்டு வெட்டியெடுத்துவிட்டு பறக்க விட்டார்கள். 20 வருஷம் கழித்து, 2009-லும் எண்ணெய் பட்ட பகுதி வாத்துகளிடம் நொதி அதிகம்! 2013 மாதிரிகளில்தான் அந்த வித்தியாசம் இல்லை.

எண்ணூருக்கும் இப்படியொரு சோதனை தேவை என்பது என் கருத்து. ஒரு சிக்கல் இருக்கு: டையாக்சின் மாதிரி வேறு நச்சுகளும் இதே நொதியைத் தூண்டும். இத்தனை ஆலைகள் இருக்கும் இடத்தில் குற்றவாளி யார் என்று நொதி மட்டும் சொல்லாது. ஆனால், பாதிப்பு தொடருதா என்று சொல்லும். அதற்கு ஊர் சுற்றும் கூழைக்கடா (பாவம், போட்டோவுக்கு மட்டும் அது வேணும்) சரிப்படாது. ஒரே இடத்தில் இரை தேடும் பறவை வேணும். ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணெய் படாத பகுதியில் வாழும் அதே இனப் பறவையும் வேணும்.

செத்து ஒதுங்கிய பறவையை நாள் கழித்துச் சோதித்தும் பயனில்லை, நொதி சீக்கிரம் சிதைந்துவிடும். மாதிரியை எடுத்த உடனே திரவ நைட்ரஜனில் உறைய வைக்கணும். அடுத்த கசிவு நடக்கும்போது அந்தக் குடுவை யார் கையில் இருக்கும் என்பதை இப்போதே முடிவு பண்ணணும்.