"சுகர் ஃப்ரீ" கேக்: பலகையைப் பார்த்து ஏமாறலாமா?

சென்னையில் இன்று பேக்கரி இல்லாத தெரு இல்லை. பிறந்த நாளா? கேக்! கல்யாண நாளா? கேக்! கிறிஸ்துமஸ், புத்தாண்டு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு சுகர் இருந்தால்? அதற்கும் கடைக்காரர் வழி வைத்திருக்கிறார். கண்ணாடி அலமாரியின் மூலையில் "சுகர் ஃப்ரீ" என்று ஒரு சின்னப் பலகை!

"அப்பாவுக்குத்தானே? தாராளமா குடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று கல்லாவில் இருந்தே வாக்குறுதி. சாதா கேக்கைவிட விலை கூடுதல் என்றாலும், பெற்றவர்கள் மேல் உள்ள பாசத்தில் யாரும் பேரம் பேசுவதில்லை.

ஒண்ணும் ஆகாது என்பது உண்மையா? அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது என்ன?

சீனி போச்சு, மைதா போச்சா?

கேக்கில் சீனி மட்டும்தான் வில்லன் என்று பலர் நினைக்கிறார்கள். இது தப்புக் கணக்கு. 100 கிராம் மைதாவில் சுமார் 75 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் அதுவும் சர்க்கரையாகத்தான் மாறி ரத்தத்தில் கலக்கிறது. ஒரு ஸ்பூன் சீனி 5 கிராம் என்று வைத்தால், 100 கிராம் மைதா 15 ஸ்பூன் சீனிக்குச் சமம்! சீனியை வாசல் வழியாக அனுப்பிவிட்டு, மைதாவைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுவதற்குப் பேர் பத்தியமா?

இன்னொரு ஆள் இருக்கிறார். பெயர் மால்ட்டோடெக்ஸ்ட்ரின். சீனி கேக்குக்கு இனிப்பு மட்டும் தருவதில்லை. கனம் தருகிறது, ஈரம் காக்கிறது, மேலே பொன்னிறம் கொடுக்கிறது, சீக்கிரம் கெடாமல் பார்த்துக்கொள்கிறது. சீனியை எடுத்தால் கேக் வறண்டு சுருங்கிவிடும். அந்த இடத்தை நிரப்பத்தான் சிலர் இந்தப் பொடியைச் சேர்க்கிறார்கள். பொடி செய்து விற்கும் சில செயற்கை இனிப்புகளிலும் இது உண்டு. மாவுப் பொருளில் இருந்து எடுப்பது. நாக்குக்கு இனிக்காது. ஆனால், ரத்தத்தில் சீனியைப் போலவே, சில சமயம் அதைவிட வேகமாகவும், சர்க்கரையை ஏற்றிவிடும். ஆள் மாறாட்டம் என்றால் இதுதான்!

வெல்லம், தேன், பேரீச்சை

"சீனியே போடலைங்க, நாட்டுச் சர்க்கரைதான்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. நாட்டுச் சர்க்கரையும் கரும்பில் இருந்து வந்ததுதான். வெல்லத்தில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சத்துதான். தேனும் சர்க்கரைதான். பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. கேழ்வரகு கேக் என்றால் நார்ச்சத்து கொஞ்சம் கூடும், ஆனால் கேழ்வரகிலும் மாவுச்சத்து ஏராளம். பெயர் மாறினால் குணம் மாறிவிடுமா?

மால்ட்டிட்டால் என்ற இனிப்பைச் சேர்க்கும் கடைகளும் உண்டு. சீனி அளவுக்கு இல்லாவிட்டாலும் இதுவும் சர்க்கரையை ஏற்றும். அதிகம் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும். இந்த வகை இனிப்பு 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், பேதியாகலாம் என்று பாக்கெட்டில் எச்சரிக்கை போட வேண்டும் என்பது விதி. அலமாரியில் வைத்து வெட்டி விற்கும் கேக்குக்கு எந்தப் பாக்கெட்? எந்த எச்சரிக்கை?

சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, 100 கிராம் பண்டத்தில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருந்தால் "சுகர் ஃப்ரீ" என்று சொல்லக் கூடாது. கவனியுங்கள், வெறும் அரை கிராம்! பாலில் இயற்கையாகவே சர்க்கரை உண்டு. உலர் திராட்சையிலும் டூட்டி ஃப்ரூட்டியிலும் சொல்லவே வேண்டாம். அவற்றைக் கொட்டிச் செய்த பிளம் கேக்கின் மேல் இந்தப் பலகையைக் குத்தினால் அது சுத்தப் பொய்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006ல் வந்தது. தவறான விளம்பரத்துக்கு அதன் 53ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கடைப் பலகையும் விளம்பரம்தானே?

ஆனால் இந்த விதியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அது கணக்குப் பார்ப்பது சர்க்கரையை மட்டும். மாவுச்சத்தை அல்ல. ஆகவே விதிக்குள் அடங்கிய "சுகர் ஃப்ரீ" மைதா கேக்கும் ஒரு நோயாளியின் சர்க்கரையை எகிற வைக்கலாம். கடைக்காரர் பேரில் கேஸ் இல்லை. பாதிக்கப்படுவது பெரியவர்!

இது நாலு பேர் விவகாரம் அல்ல. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாகச் சொல்கிறது. கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாகப் பதம் பார்க்கும் வியாதி இது. டாக்டர் சொன்னபடி காலையில் நடந்து, மாத்திரை போட்டு, வாயைக் கட்டி இருக்கிற மனிதர், ஒரு பலகையை நம்பி இரண்டு துண்டு சாப்பிடுகிறார். அந்த நம்பிக்கைக்கு யார் பொறுப்பு?

அப்படியானால் கேக்கே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. பேரன் பிறந்த நாளில் தாத்தா மட்டும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டுமா? வேண்டாம். மைதாவை விட்டுவிட்டு வீட்டிலேயே செய்யலாம்.

தோல் நீக்கிய வறுத்த நிலக்கடலை அல்லது பாதாம் 100 கிராம் எடுத்து, விட்டு விட்டுப் பொடியுங்கள். தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் கக்கிவிடும். இரண்டு முட்டையை நுரை பொங்க அடியுங்கள். உருக்கிய வெண்ணெய் 50 கிராம், பேக்கிங் பவுடர் அரை ஸ்பூன், ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. இனிப்புக்கு சுக்ரலோஸ், எரித்ரிட்டால் போன்றவை சூடு தாங்கும். அஸ்பார்டேம் வேண்டாம், சூட்டில் அதன் இனிப்பு போய்விடும். வாங்கும்போது மால்ட்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருக்கிறதா என்று பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

அடுப்பு அவன் இருந்தால் 170 டிகிரியில் 25 நிமிடம். இல்லாவிட்டால் குக்கரில் உப்புப் பரப்பி, கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டுச் சின்னத் தீயில் வையுங்கள். குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். கடைக் கேக் மாதிரி உப்பாது, நிறமும் மங்கல்தான். ஆனால் 100 கிராம் நிலக்கடலையில் மாவுச்சத்து 20 கிராமுக்கும் கீழே. மைதாவின் 75 எங்கே, இது எங்கே!

அதற்காக முழு கேக்கையும் காலி பண்ணிவிடக் கூடாது. கொழுப்பு இதில் அதிகம். எட்டாக வெட்டி ஒரு துண்டு போதும். வீட்டில் மெஷின் இருந்தால் சாப்பிடுமுன் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். கேக் சாப்பிட்டோமே என்று மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகக் கூட்டுவது ஆபத்து. அது டாக்டர் வேலை.

அதிகாரிகள் கவனிப்பார்களா?

மாம்பழக் கிடங்குகளில் சோதனை நடக்கிறது. குட்கா பிடிபடுகிறது. நல்லது. அந்த ஜீப் ஒரு தடவை பேக்கரி வாசலிலும் நிற்கட்டும். கிண்டியில் உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. "சுகர் ஃப்ரீ" கேக்குகளை மாதிரி எடுத்து அங்கே அனுப்பிப் பார்க்கட்டும்.

பேக்கரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது நம் நோக்கமல்ல. நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். பலகையில் மூன்று வரி சேர்த்து எழுதுங்கள்: என்ன மாவு, என்ன இனிப்பு, ஒரு துண்டில் மாவுச்சத்து எத்தனை கிராம். ஒரு அட்டை, ஒரு பேனா, அவ்வளவுதான் செலவு!

அதுவரை வாசகர்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "சீனி இருக்கா?" என்பதல்ல. "சீனிக்குப் பதிலா என்ன போட்டீங்க, மாவு என்ன மாவு?" என்பதே. பதில் சொல்லத் தெரியாத கடையில் வீட்டுப் பெரியவருக்குக் கேக் வாங்காதீர்கள்!