ஆங்கிலம் பயில்வோம்: ‘எனக்கு மகிழ்ச்சி’யும் ‘எனக்குக் கடின’மும்



நான் வேலையில் சேர்ந்த புதிது. சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே தண்டவாளங்கள் மழைநீரில் மூழ்கி, வண்டிகள் நின்றுவிட்டன. செம்பூரில் அகப்பட்டுக்கொண்ட நான் மேலதிகாரிக்கு, “ஐ ஆம் இம்பாஸிபிள் டு கம்” என்று எழுதியனுப்பினேன். மறுநாள் அவர் சிரித்துக்கொண்டே, “உம்மைச் சகிக்க இயலாத மனிதர் என்று நீரே எழுதித் தந்துவிட்டீரே!” என்றார். மெட்ரிகுலேஷன் தேறியவன் என்ற என் பெருமிதம் அன்றே கரைந்தது.

பிழையின் மூலத்தைப் பின்னர் ஆராய்ந்தேன். ‘உங்களைச் சந்திப்பதில் எனக்கு மகிழ்ச்சி’ என்கிறோம். ‘வருவது எனக்குக் கடினம்’ என்றும் சொல்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ‘எனக்கு’ என்ற ஒரே சொல் போதும். ஆங்கிலமோ இவ்விரண்டையும் வெவ்வேறு பாதையில் செலுத்துகிறது.

மகிழ்ச்சி, வருத்தம், அச்சம், ஆவல் ஆகியவை மனத்தின் நிலைகள். அங்கே ஆளை முதலில் நிறுத்துக:

ஐ ஆம் க்ளாட் டு மீட் யூ.
ஷி இஸ் அஃப்ரெய்ட் டு ஸ்பீக்.
வி ஆர் ரெடி டு ஹெல்ப்.

எளிது, கடினம், இயலாதது, தேவையானது ஆகியவை செயலின் தன்மைகள். அங்கே ‘இட் இஸ்’ என்று தொடங்கி, ஆளை ‘ஃபார்’ என்ற சொல்லின் பின்னே அமர்த்துக:

இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம்.
இட் இஸ் ஈஸி ஃபார் ஹிம் டு லேர்ன்.

‘டு’வை அடுத்து வரும் வினை நம் ‘வர’, ‘செய்ய’ போன்ற எச்சத்துக்கு ஒப்பானது, காலம் காட்டாது. நேற்றைய செய்தியாயின் ‘இஸ்’ என்பதை ‘வாஸ்’ ஆக்கினால் போதும். ‘டு கேம்’ என எழுதுதல் பிழை.

இனி ஒரு நுட்பம். ‘முருகன் இஸ் ஈகர் டு டீச்’ என்றால், கற்பிக்க ஆவலுள்ளவன் முருகன். ‘முருகன் இஸ் ஈஸி டு டீச்’ என்றால், முருகனுக்குக் கற்பிப்பது பிறருக்கு எளிது. முன்னவன் ஆசான், பின்னவன் மாணாக்கன். புறத்தோற்றம் ஒன்றாயினும் உட்பொருள் வேறு என்பதை விளக்க, அமெரிக்க மொழியறிஞர் நோம் சோம்ஸ்கியும் 1960-களில் இத்தகைய வாக்கிய இணையையே எடுத்துக்காட்டினார்.

விதிகளை மனப்பாடம் செய்வதினும் வாக்கிய அச்சுகளை நாவில் பழக்குவது நன்று. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி என்பவர் இத்தகைய அச்சுகளைத் தொகுத்து 1954-ல் நூலாக வெளியிட்டார். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநிலத்திலும், ஆங்கிலம் தொடங்கிவைக்கும் ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி தரும் பெருமுயற்சி நடைபெற்றது. அக்காலத்தில் ஊரில் பயின்ற நம் பெரியவர்கள் சிலர் வகுப்பில் ஒரே வாக்கியத்தைப் பலமுறை உரக்கச் சொன்னதை நினைவுகூரக்கூடும்.

இஃது இலக்கண வேடிக்கையன்று. தாராவியில் வாழும் ஒரு தாய் பிள்ளையின் பள்ளிக்குச் சென்று, “ஐ ஆம் டிஃபிகல்ட் டு பே” என்று சொன்னால், கேட்பவர் அவரைப் பணம் தர முரண்டு பிடிப்பவர் என எண்ணிவிடலாம். “இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு பே திஸ் மன்த்” என்றால், கடினம் இம்மாதத்துக் கட்டணத்தைச் சாரும்; அவருடைய குணத்தைச் சாராது. ஆகவே வாய் திறக்குமுன் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் சொல்லப்போவது என் மனத்தின் நிலையா, செயலின் தன்மையா?

பயிற்சி: பின்வருவனவற்றை ஆங்கிலமாக்குக.

1. இதைக் கேட்க எனக்கு வருத்தமாயிருக்கிறது.
2. மாதுங்காவில் வீடு கிடைப்பது எங்களுக்குக் கடினம்.
3. என் தங்கை ஆங்கிலம் கற்க ஆவலாயிருக்கிறாள்.

வீட்டில் அனைவரும் கூடி உரக்கச் சொல்லிப் பாருங்கள். விடைகள் அடுத்த இதழில்.