சளியில் கிருமி இல்லை என்ற பிறகு

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை. காசநோய் ஒழிப்புக்காக வந்த இந்த விதி கிராமத்துச் செவிலியர் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, நல்ல விதி. கிருமி இருந்தால் ஆளை விடமாட்டோம். பெயரைப் பதிந்து, ஆறு மாத மருந்து கொடுத்து, வீட்டிலிருப்பவர்களையும் சோதிப்போம். கிருமி இல்லாவிட்டால், "டி.பி. இல்லை, பயப்படாதீங்க" என்று ஒரு பாட்டில் இருமல் மருந்தோடு அனுப்பிவிடுகிறோம். அதன்பின் அந்த இருமலுக்கு நம்மிடம் பதிவேடே கிடையாது.

நுரையீரல் புற்றுநோயை நாம் பலமுறை தவறவிடுவது இங்கேதான். சிலருக்குக் கிருமி தென்படாமலே, எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலை வைத்து டி.பி. மருந்து கொடுத்து மாதங்களைக் கழித்தோம். இந்தியாவில் இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நோய் தெரியவருவது மூன்றாம், நான்காம் கட்டத்தில். "ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்று அவர்களையே கேட்கிறோம். அவர்களில் பலர் முன்பே வந்தவர்கள். திருப்பி அனுப்பியவர்கள் நாம்.

இன்னொன்றும் செய்தோம். நோயின் பெயரைக் கேட்டதும் "பீடி குடிப்பாரா?" என்றோம். ஆம் என்றால் நம் இரக்கம் பாதியானது. இல்லை என்றால் சந்தேகமே எழவில்லை. விறகடுப்புப் புகையில் வெந்த பெண்ணின் இருமலுக்கு ஈசனோபீலியா, தூசு அலர்ஜி என்று பெயர் வைத்தோம். திரையரங்கில் எச்சரிக்கை வாசகம் ஓடும்போது பாப்கார்ன் வாங்கப் போனோம் என்பது இருக்கட்டும். பத்திரிகைக்காரர்களான நாங்களும் புகையிலை ஒழிப்பு நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அதோடு கணக்கை முடித்துக்கொண்டோம்.

அதிகம் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தால் இந்நோயால் வரும் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று 53,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வு 2011-இல் சொன்னது. மான்செஸ்டரில் கடைவீதி வண்டி நிறுத்தத்துக்கே ஸ்கேன் வண்டியைக் கொண்டுபோனார்கள். தைவான் 2022-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில், புகைக்காவிட்டாலும் குடும்பத்தில் இந்நோய் வந்திருந்தால் இடம் உண்டு. நம் தேசியத் திட்டம் தேடுவது வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களை. 2021-இல் தமிழகத்தில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வாசலில் மாத்திரை தந்தது. நாள்பட்ட இருமலைப் பற்றியும் அங்கே ஒரு கேள்வி கேட்கச் சொல்லி நாம் வற்புறுத்தவில்லை.

அயல்நாட்டுத் திட்டத்தை அப்படியே இறக்கிவிட முடியாது என்கிறார்கள் மருத்துவர்கள். உண்மைதான். பழைய டி.பி. தழும்புள்ள நுரையீரல்கள் இங்கே ஏராளம். எல்லோரையும் ஸ்கேன் செய்தால் நிழலெல்லாம் பயமுறுத்தும், வீண் பயாப்ஸிகள் பெருகும். ஆனால் இந்த நியாயமான தயக்கத்தைக் காரணம் காட்டி எளிய வேலையையும் நாம் தொடவில்லை. கிருமி இல்லை என்று முடிவு வந்தும் இருமல் நிற்காதவரை, டி.பி. மருந்துக்குக் குணமாகாதவரை, சளியில் இரத்தம் காண்பவரை, தேதி குறித்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அவர் ஸ்கேன் எடுத்தாரா என்று அனுப்பிய நிலையமே விசாரிக்க வேண்டும். சளிப் பரிசோதனைப் பதிவேட்டில் இன்னும் ஒரு பத்தி கூடும், அவ்வளவுதான். அதைக் கேட்டு ஒரு மனுகூட நாம் எழுதவில்லை.